தந்தை காட்டிய வானம்

உறைபனி விழுந்த ஓர் இரவு. ஜெர்மனியின் ஹனோவர் நகரிலே இராணுவ வாத்தியக் குழுவில் பணியாற்றிய ஒரு தந்தை, தன் சின்ன மகளைக் கைப்பிடித்து வீதிக்கு அழைத்து வந்தார். வானம் துடைத்துவிட்டாற் போலத் தெளிந்திருந்தது. அவர் கையை உயர்த்தி அழகிய நட்சத்திரக் கூட்டங்கள் சிலவற்றை அவளுக்குக் காட்டினார். அந்நாட்களில் வானில் தெரிந்த வால்வெள்ளி ஒன்றையும் காட்டினார். பிறகு இருவரும் குளிர் தாங்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்கள். சில நிமிடங்களில் முடிந்துபோன காரியம் அது. ஆயினும் அந்தச் சிறுமி வளர்ந்து, முதிர்ந்து, தன் வாழ்க்கை நினைவுகளை எழுத உட்கார்ந்தபோது அந்த இரவை மறவாமல் எழுதி வைத்தாள்.

அந்தச் சிறுமிதான் கரோலின் லுக்ரீஷியா ஹேர்ஷல். எட்டு வால்வெள்ளிகளைத் தாமாகவே கண்டறிந்தவர். விஞ்ஞானப் பணிக்காக அரச சம்பளம் பெற்ற முதற் பெண்மணி என்று போற்றப்படுபவர். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷலின் தங்கை. அவருடைய வாழ்க்கை ஒரு குடும்பத்தின் வாழ்க்கையும் ஆகும். தந்தை, அண்ணன், தங்கை, மருமகன் என மூன்று தலைமுறை ஒரே வானத்தை விரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த வீட்டில் வானம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. மகன்மாருக்கு அது உரிமையாக வந்தது. மகளுக்கோ வீட்டு வேலைகளுக்கு இடையே எஞ்சிய மிச்சமாக வந்தது. அந்த மிச்சத்தைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே இக்கட்டுரை.

வாத்தியமும் வானமும்

கரோலின் 1750 மார்ச் 16ஆம் திகதி பிறந்தாள். தந்தை ஐசாக் ஹேர்ஷல் தோட்டக்காரர் ஒருவரின் மகன். தானாகவே முயன்று இசை கற்று இராணுவ வாத்தியக் குழுவில் சேர்ந்தவர். 1743இல் டெட்டிங்கன் போர் முடிந்த இரவை ஈரமான பள்ளமொன்றில் படுத்துக் கழித்ததிலிருந்து அவருக்கு மூச்சு நோய் பிடித்துக்கொண்டது. அவருக்கும் மனைவி ஆனாவுக்கும் பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். அவர்களில் ஆறு பேரே உயிரோடு வளர்ந்தனர்.

வசதி குறைந்த அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின் பின் தந்தையும் மூத்த மகன்மாரும் இசையிலே தொடங்கி நியூட்டன், லைப்னிற்ஸ், ஒய்லர் என்று விஞ்ஞானத்துக்குப் போய்விடுவார்கள். குரல்கள் உயரும். காலை ஏழு மணிக்குப் பாடசாலை செல்ல வேண்டிய சின்னப் பிள்ளைகள் உறங்க வேண்டுமே என்று தாய் வந்து தடுப்பார். உறங்குவதாக அவர் நினைத்த பிள்ளைகளில் ஒருத்தி படுக்கையில் கண் மூடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வில்லியம் தன் கையாலே கடைந்து, பூமத்திய கோட்டையும் சூரியப் பாதையையும் செதுக்கிய நான்கு அங்குல உலக உருண்டையும் அவள் நினைவில் பதிந்தது.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, இங்கிலாந்துக்குச் சென்றிருந்த படைப்பிரிவுடன் தந்தையும் அண்ணன்மாரும் ஊர் திரும்பினார்கள். தாய் சமையலில் மூழ்கியிருந்ததால் கரோலின் தனியே அவர்களை எதிர்கொள்ளப் போனாள். கூட்டத்தில் ஒருவரையும் காணவில்லை. தேடித் தேடிக் குளிரில் விறைத்து வீடு திரும்பியபோது எல்லோரும் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வில்லியம் மட்டும் கையில் இருந்த கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் போட்டுவிட்டு ஓடிவந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து அவளை வரவேற்றான். அன்று தொடங்கிய பாசம் அறுபத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது.

தாயின் பயம்

கரோலினுக்கு வாய்த்த பிள்ளைப் பருவம் இலகுவானதல்ல. மூன்று நான்கு வயதில் பெரியம்மை வந்து முகத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது. பதினோராவது வயதளவில் கண்ட கடுங்காய்ச்சல் அவளது வளர்ச்சியையே நிறுத்திவிட்டது. நான்கடி மூன்று அங்குலத்துக்கு மேல் அவள் வளரவேயில்லை. அழகோ செல்வமோ இல்லாத உனக்கு விரைவில் திருமணம் நடக்கும் என்று எதிர்பார்க்காதே என்று அன்பான தந்தையே அவளிடம் சொல்லிவிட்டார். தாயின் கணக்கோ வேறு. இந்த மகள் வீட்டோடு இருந்து வேலை செய்யட்டும். அதற்கு எழுத்தும் வாசிப்பும் போதும்.

அந்தத் தாயை நாம் அவசரப்பட்டுக் குறை சொல்லிவிடக் கூடாது. போர்க் காலத்தில் கணவர் முகாம் முகாமாக அலைய, இல்லாமையோடு குடும்பத்தைக் காத்தவர் அவர். 1757இல் வில்லியம் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவரைப் பின்பற்றி மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினர். இவ்வளவு படிப்பு இல்லாதிருந்தால் என் பிள்ளைகள் என்னை விட்டுப் போயிருக்க மாட்டார்களே என்பது அவர் மனக்குறை. கல்வி பிள்ளையைத் தூரமாக்கிவிடும் என்ற பயம் இன்றும் சில வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தவள் கரோலின். பிரெஞ்சு மொழியோ கணிதமோ கற்க அவளுக்கு அனுமதி இல்லை. தாய் வெளியே போயிருக்கும் நேரத்திலும் நல்ல மனநிலையில் இருக்கும் நேரத்திலும் தந்தை அவளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தார். தையல் வேலையின் நுட்பங்களை அதே கட்டிடத்தில் வசித்த நோயாளிப் பெண் ஒருத்தியிடம் விடியற்காலையில், வீடு விழிக்கும் முன் போய்க் கற்றாள். அவளது எழுத்தறிவு வீட்டுக்கு மட்டுமா பயன்பட்டது? தாய் தந்தைக்கு அனுப்பும் கடிதங்களோடு, அயலில் இருந்த ஏழைச் சிப்பாய்களின் மனைவிமார் முகாமுக்கு அனுப்பிய கடிதங்களையும் அந்தச் சின்னக் கைதான் எழுதியது.

1767இல் தந்தை இறந்தார். கரோலினுக்கு வயது பதினேழு. வானத்தைக் காட்டிய விரல் மறைந்தது. மிஞ்சியவை அடுப்படியும் துணி மூட்டையும் மட்டுமே.

பாத் நகரின் பாடகி

ஐந்து ஆண்டுகள் கழித்து, அன்று குனிந்து வரவேற்ற அண்ணன் மீண்டும் அவளைத் தேடி வந்தார். இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஓர்கன் வாசிப்பவராகவும் இசை ஆசிரியராகவும் நல்ல பெயரெடுத்திருந்த வில்லியம், தங்கையைப் பாடகியாக்கிப் பார்க்க விரும்பினார். மூத்த அண்ணன் ஜேக்கப் இந்த யோசனையைக் கேட்டுக் கேலி செய்தார். கரோலின் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இல்லாத வேளைகளில் பற்களுக்கிடையே ஒன்றைக் கடித்துக்கொண்டு, வயலினுக்குரிய இசைப் பகுதிகளைக் குரலால் பாடிப் பழகினாள். தான் போனால் வீட்டார் குறைப்படக் கூடாது என்று இரண்டு வருடங்களுக்குப் போதுமான காலுறைகளையும் பின்னி வைத்தாள். மகளுக்குப் பதிலாக வேலையாள் ஒருவரை வைத்துக்கொள்ளத் தாய்க்கு ஆண்டுதோறும் பணம் அனுப்புவதாக வில்லியம் உறுதியளித்த பின்னரே விடை கிடைத்தது.

1772 ஓகஸ்டில் பயணம் தொடங்கியது. திறந்த தபால் வண்டியில் ஒல்லாந்து வழியாகப் போகும்போது அவளது தொப்பி காற்றில் பறந்து கால்வாயில் விழுந்தது. அந்த வண்டியின் மேலிருந்துதான் இரவில் அண்ணன் நட்சத்திரக் கூட்டங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். தந்தை நிறுத்திய இடத்திலிருந்து பாடம் தொடர்ந்தது.

பாத் நகரில் கரோலினின் நாட்கள் நிரம்பி வழிந்தன. ஆங்கிலம் தெரியாமலே சந்தைக்குப் போனார். காலை உணவு மேசையில் அண்ணன் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் கடைசி வரை அவருக்கு மனப்பாடமாகவில்லை. ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்திருந்தார். நம் வகுப்பறைகளில் வாய்ப்பாட்டுக்கு அஞ்சும் தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ளலாம். பின்னாளில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் நிலைகளைக் கணித்தது இந்தக் கைதான்.

பாட்டிலும் அவர் முன்னேறினார். 1778இல் ஹெண்டலின் இசை நாடகங்களில் முதன்மைப் பாடகியாக மேடையேறினார். பேர்மிங்காம் இசைவிழாவில் பாட அழைப்பு வந்தது. அண்ணன் நடத்தாத நிகழ்ச்சியில் பாட விரும்பாமல் மறுத்துவிட்டார். சொந்தக் காலில் நிற்க அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அப்படிப் போயிற்று.

ஏனென்றால் வில்லியத்தின் மனம் அதற்குள் வானத்தில் இலயித்துவிட்டது. விலைக்கு வாங்கக் கூடிய தொலைநோக்கிகள் அவருக்குப் போதவில்லை. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தாமே ஆடிகளை வார்த்து, தேய்த்து, மெருகூட்டத் தொடங்கினார். வீட்டின் ஒவ்வோர் அறையும் பட்டறையாயிற்று. இயந்திர வேலையில் கைதேர்ந்த தம்பி அலெக்சாண்டர் கடைசல் பொறியில் நின்றார். வார்ப்பு அச்சுக்குத் தேவையான குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலிப்பதில் கரோலினும் கைகொடுத்தார். ஒருமுறை ஆடியிலிருந்து கை எடுக்காமல் வில்லியம் பதினாறு மணி நேரம் மெருகூட்டினார். அப்போது தங்கை அருகில் இருந்து உணவைக் கவளம் கவளமாக அவர் வாயில் ஊட்டினார். களைப்புத் தெரியாதிருக்க ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளையும் நாவல்களையும் வாசித்துக் காட்டினார்.

1781 மார்ச் 13ஆம் திகதி இரவு, அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்ற தொலைநோக்கி வழியாக வில்லியம் புதிய ஒன்றைக் கண்டார். முதலில் வால்வெள்ளி என்று நினைத்த அது, பழங்காலம் முதல் அறியப்பட்ட கோள்களுக்கு அப்பால் இருக்கும் யுரேனஸ் என்று தெளிந்தது. அடுத்த ஆண்டு மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் வில்லியத்துக்கு வருடம் 200 பவுண் வழங்கினார். இசைத் தொழில் முடிந்தது. அண்ணன் இசையை விட்டபோது தங்கையின் பாட்டும் நின்றது. பத்து வருட உழைப்பில் உருவான குரல் அது. அதை விட்டுக் கொடுக்க விரும்புகிறாயா என்று அவரிடம் கேட்டவர் இல்லை.

இரவின் எழுத்தாளர்

விண்ட்சர் அரண்மனைக்கு அருகே டச்செட் என்ற கிராமத்துக்கும், பின்னர் 1786இல் ஸ்லாவ் என்ற ஊருக்கும் குடும்பம் பெயர்ந்தது. அங்குதான் உலகின் மிகப் பெரிய வானாய்வு ஒன்று நடைபெற்றது. நட்சத்திரங்களுக்கிடையே மங்கலான முகில் போலத் தெரியும் பொருட்களை நெபுலா என்று அழைத்தார்கள். அதுவரை நூறு அளவில் மட்டுமே அவை அறியப்பட்டிருந்தன. வில்லியம் இருபதடி நீளத் தொலைநோக்கியால் இங்கிலாந்திலிருந்து தெரியும் வானம் முழுவதையும் பட்டை பட்டையாகத் துழாவி அவற்றைத் தேடினார்.

இருளுக்குப் பழகிய கண்ணை விளக்கின் அருகே கொண்டுவந்தால் அடுத்த பொருள் தெரியாது. ஆகவே பார்ப்பவர் எழுத முடியாது. வில்லியம் உயரமான மேடையில் நின்று கண்டதைக் கூவினார். கரோலின் ஜன்னலருகே விளக்கோடும் மணிக்கூட்டோடும் இருந்து நேரத்தையும் விபரத்தையும் எழுதினார். எழுதியதைத் திருப்பிக் கூவிச் சரிபார்த்தார். மை உறைந்துபோன இரவுகளும் இருந்தன. விடிந்ததும் அண்ணன் உறங்கப் போவார். தங்கை இரவுக் குறிப்புகளைச் சுத்தமாகப் பிரதி எடுத்து, ஒவ்வொரு பொருளின் நிலையையும் கணித்து முடிப்பார். இருபது வருடங்களில் இவ்வாறு சேர்ந்தவை சுமார் 2,500 நெபுலாக்களும் நட்சத்திரக் கொத்துகளும். அவை வில்லியத்தின் பெயரில் மூன்று பட்டியல்களாக வெளிவந்தன.

1783 டிசம்பர் 31ஆம் திகதி நடந்த ஒன்று அந்த உழைப்பின் விலையைச் சொல்லும். வருடக் கடைசி இரவு. நிலத்தில் ஓரடிக்கு உருகும் பனி. முகில்களுக்கிடையே சில நட்சத்திரங்கள் தெரிந்ததும் அண்ணன் அவசரமாக அழைத்தார். இருட்டில் ஓடிய கரோலின் தடுக்கி விழ, தொலைநோக்கித் தாங்கியின் இரும்புக் கொக்கி அவரது முழங்காலுக்கு மேலே வலது தொடையில் ஏறியது. விரைந்து வா என்று அண்ணன் மேலும் கூப்பிட்டார். கொக்கியில் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் தங்கையால் சொல்ல முடிந்த பதில். ஓடிவந்த வேலையாட்கள் தூக்கியபோது சதைத் துண்டு ஒன்று கொக்கியிலேயே தங்கிவிட்டது. காயம் ஆற நாட்கள் பல சென்றன. பின்னர் அதை நினைவுகூர்ந்த கரோலின், அன்றிரவு வானம் மீண்டும் மூடிக்கொண்டதால் தன்னால் அண்ணனுடைய வேலை கெடவில்லை என்று ஆறுதல் கொண்டார். தன் வேதனையை விட அண்ணனின் ஓர் இரவு பெரிதென எண்ணிய அந்த மனத்தைப் பாராட்டுவதா, அதற்காக வருந்துவதா என்று வாசிப்பவருக்குத் தோன்றும். இரண்டும் நியாயமே.

தன் பெயரில் ஒரு வால்வெள்ளி

அண்ணன் அவருக்கென்று ஒரு சிறிய தொலைநோக்கியைச் செய்து கொடுத்திருந்தார். அண்ணனுக்குத் தேவைப்படாத இரவுகளில் மட்டும் கரோலின் அதனால் வானைத் துழாவுவார். 1783இல் ஒரு சில மாதங்களுக்குள் அதுவரை எவரும் குறித்திராத நெபுலாக்களை அவர் கண்டார். தென்வானில் நீள்வட்டமாகத் தெரியும் சிற்பி மண்டலத்தின் பெரிய உடுத்தொகுதி அவற்றுள் ஒன்று.

1786 கோடையில் மன்னர் அன்பளித்த தொலைநோக்கியை ஒப்படைக்க வில்லியமும் அலெக்சாண்டரும் ஜெர்மனிக்குச் சென்றார்கள். வீடும் வானமும் கரோலினின் பொறுப்பில் இருந்தன. ஓகஸ்ட் 1ஆம் திகதி இரவு, பெருங்கரடிக் கூட்டத்துக்கு அருகே மங்கலான ஒரு புள்ளியைக் கண்டார். நெபுலாவாகவும் இருக்கலாம், வால்வெள்ளியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றுதான். நெபுலா நட்சத்திரங்களிடையே அசையாது. வால்வெள்ளி மறுநாள் இடம் மாறியிருக்கும். அவர் அவசரப்படவில்லை. அருகிலிருந்த நட்சத்திரங்களோடு சேர்த்து அதன் இடத்தை வரைந்து வைத்துவிட்டு மறுநாள் இரவுக்காகக் காத்திருந்தார். மறுநாள் வானம் தெளிந்தபோது அந்தப் புள்ளி நகர்ந்திருந்தது. உடனே றோயல் சங்கத்தின் செயலாளருக்கும் இன்னொரு வானியலாளருக்கும் கடிதம் எழுதினார். சில நாட்களில் அறிஞர்கள் ஸ்லாவுக்கே வந்து அவருடைய வால்வெள்ளியைப் பார்த்துப் போனார்கள்.

அடுத்த ஆண்டு மன்னர் அவருக்கு வில்லியத்தின் உதவியாளராக வருடம் 50 பவுண் சம்பளம் வழங்கினார். முதல் தவணையாகக் கிடைத்த பன்னிரண்டரைப் பவுணைக் கையில் எடுத்தபோது கரோலினுக்கு வயது முப்பத்தேழு. தன் விருப்பம் போலச் செலவழிக்கத் தன் வாழ்நாளில் கிடைத்த முதற் பணம் அதுதான் என்று அவர் எழுதி வைத்தார்.

1797 வரை அவர் கண்ட வால்வெள்ளிகள் மொத்தம் எட்டு. 1788 டிசம்பரில் கண்டது 1939இல் திரும்பி வந்து இன்றும் அவர் குடும்பப் பெயரையும் தாங்கி நிற்கிறது. எட்டாவதைக் கண்டபோது கடிதத்தை நம்பிக் காத்திருக்க அவர் தயாராக இல்லை. ஒரு மணி நேரம் மட்டும் உறங்கி எழுந்து, குதிரையேறி, இருபது மைலுக்கும் அப்பாலிருந்த கிறீன்விச் வானாய்வு நிலையத்துக்குச் சென்று அரச வானியலாளரிடம் நேரில் அறிவித்தார். அப்போது அவர் நாற்பத்தேழு வயதுப் பெண்மணி.

சாவிக் கொத்து

1788 மே மாதம் வில்லியம் அயலவரான மேரி பிற் என்ற விதவையைத் திருமணம் செய்துகொண்டார். பதினாறு வருடங்கள் வீட்டை நடத்திய கரோலின் சாவிகளைப் புதிய மதினியிடம் ஒப்படைத்துவிட்டு வாடகை அறைக்குப் போனார். தினமும் வேலைக்கு வருவதைப் போல அண்ணன் வீட்டுக்கு வந்து தன் கணக்குகளைத் தொடர்ந்தார். அக்காலத்தில் எழுதிய பத்து வருட நாட்குறிப்புகளைப் பின்னர் அவரே அழித்துவிட்டார். மதினி மென்மையான குணமுள்ளவர் என்பதைக் காலம் அவருக்குக் காட்டியது. கோபத்தில் எழுதியவை நிலைக்கக் கூடாது என்று அவர் கருதியிருக்கலாம். உறவுகளைக் காப்பதற்கு எதை எழுதக் கூடாது என்று தெரிந்திருப்பதும் ஒரு கல்விதான்.

அந்தத் தனிமையான ஆண்டுகள் வீண்போகவில்லை. வில்லியம் நம்பிப் பயன்படுத்திய பிளாம்ஸ்டீட் என்பவரின் நட்சத்திரப் பட்டியலில் பிழைகள் இருந்தன. கரோலின் இருபது மாதங்களளவில் அதை மூல அவதானிப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிழைகளைத் திருத்தியதோடு, பிளாம்ஸ்டீட் பார்த்திருந்தும் பட்டியலில் சேராமல் விடுபட்ட சுமார் 560 நட்சத்திரங்களையும் சேர்த்தார். 1798இல் றோயல் சங்கம் இதை அவருடைய பெயரிலேயே நூலாக வெளியிட்டது.

1792இல் அந்த வீட்டில் பிறந்த ஒரே மகன் ஜோன், கரோலினின் செல்ல மருமகன் ஆனான். பட்டறையின் மரத்துண்டுகளும் கருவிகளும் அவன் விளையாட்டுப் பொருட்கள். தந்தை கற்பித்ததோடு மாமியின் பொறுமையையும் அவன் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தான்.

முதுமையின் பெருவேலை

1822 ஓகஸ்டில் வில்லியம் காலமானார். அண்ணன் இல்லாத இங்கிலாந்தில் தனக்கு இனி என்ன இருக்கிறது என்று எண்ணிய கரோலின், ஐம்பது வருடங்களின் பின் ஹனோவருக்குத் திரும்பினார். எழுபத்திரண்டு வயதில் எடுத்த அவசர முடிவு அது. பின்னர் அதற்காக வருந்தினார். நகரின் நடுவே அவர் குடியிருந்த வீட்டிலிருந்து வானம் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கூரைகள் நட்சத்திரங்களை மறைத்தன.

வானம் மறைந்தாலும் மேசை இருந்தது. வில்லியத்தின் 2,500 நெபுலாக்களும் அவற்றின் வகைப்படியும் கண்ட நாளின்படியும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. தொலைநோக்கியோடு நிற்கும் ஒருவருக்கு அந்த வரிசை உதவாது. இன்றிரவு இந்தப் பட்டையில் எவையெவை வரும் என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். ஜோன் தந்தையின் ஆய்வை மீண்டும் சரிபார்க்க விரும்புகிறான் என்று அறிந்த மாமி, எழுபது வயதைக் கடந்த நிலையில், அத்தனை பொருட்களின் இடங்களையும் மீண்டும் கணித்து, வானப் பட்டைகளின் வரிசையில் புதிய பட்டியலைத் தயாரித்து அனுப்பினார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜோன் வடவானம் முழுவதையும் மறுபடி பார்த்தார். இந்தப் பணிக்காக 1828இல் றோயல் வானியல் கழகம் கரோலினுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதே பதக்கத்தை இன்னொரு பெண் பெற 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1835இல் மேரி சொமர்வில் அம்மையாரோடு அக்கழகத்தின் முதற் பெண் கௌரவ உறுப்பினராகவும் அவர் தெரிவானார். தமக்கு வந்த புகழையெல்லாம் அண்ணனிடமிருந்து எடுத்தவை போல எண்ணி அவர் கூச்சப்பட்டார்.

1832இல் மாமியைப் பார்க்க வந்த ஜோன் வியந்துபோனார். எண்பத்திரண்டு வயதில் அவர் நகரெங்கும் மருமகனை அழைத்துச் சென்றார். இரண்டு மாடிகளைத் துள்ளி ஏறினார். காலையில் சோர்வாகத் தெரிந்தவர் பொழுது சாயச் சாய உற்சாகம் கொண்டார். வாழ்நாளெல்லாம் இரவில் விழித்திருந்த உடம்பல்லவா!

அடுத்த ஆண்டு ஜோன் தந்தையின் இருபதடித் தொலைநோக்கி வகையைக் கப்பலேற்றி, மனைவி பிள்ளைகளோடு தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். வில்லியமும் கரோலினும் ஒருபோதும் பார்க்க முடியாத தென்வானம் அங்கே இருந்தது. நம் நாட்டில் ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கே தாழ்வாகத் தெரியும் தென்சிலுவை கூட அவர்களது ஊர்களில் தொடுவானத்துக்கு மேலே எழுவதில்லை. தானும் இளமையாக இருந்தால் கூடவே வந்திருப்பேனே என்று மாமி ஏங்கினார். அத்தோடு நிற்கவில்லை. விருச்சிகக் கூட்டத்தின் ஒரு பகுதியில் நட்சத்திரமே இல்லாத இருண்ட இடம் ஒன்று அண்ணனை வியக்க வைத்ததை நினைவுபடுத்தி, அதைக் கவனமாகப் பார்க்கும்படி மருமகனுக்கு எழுதினார். அது வெறும் இடைவெளியல்ல, வேறு ஏதோ இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஒளியை மறைக்கும் தூசு முகில்கள் அத்தகைய இடங்களில் இருப்பதை இன்று விஞ்ஞானம் அறியும்.

1838இல் ஜோன் திரும்பி வந்தார். தென்வான ஆய்வின் பெருநூல் 1847இல் அச்சாகி, தொண்ணூற்றேழு வயதான கரோலினின் கையில் வந்து சேர்ந்தது. அண்ணனும் தங்கையும் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய வேலையை அண்ணன் மகன் உலகின் மறுபாதியில் முடித்து வைத்தார். வானம் முழுவதும் ஒரு குடும்பத்தின் கண்களால் பார்க்கப்பட்டுவிட்டது. அவர்களது பட்டியல்களின் மேல் எழுந்த புதிய பொதுப் பட்டியலைத்தான் உலகெங்கும் வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

பழைய பஞ்சாங்கம்

1848 ஜனவரி 9ஆம் திகதி கரோலின் ஹேர்ஷல் அமைதியாகக் கண்மூடினார். ஹனோவரில் பெற்றோரின் அருகிலே அடக்கம் செய்யப்பட்டார். சந்திரனில் ஒரு பள்ளமும், லுக்ரீஷியா என்ற சிறுகோளும் அவர் பெயரைச் சொல்கின்றன.

தம்மோடு பெட்டியில் வைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டவை இரண்டு. ஒன்று அண்ணன் வில்லியத்தின் தலைமுடிக் கற்றை. மற்றது எழுத்துகள் மங்கிப்போன ஒரு பழைய பஞ்சாங்கம். அவருடைய தந்தை பயன்படுத்தியது அது. பதக்கங்கள் அவரிடம் இருந்தன. அவர் தேர்ந்தெடுத்தது அந்தப் பழைய புத்தகத்தை.

மாணவச் சகோதரிகளே, மூன்று தலைமுறை வானாய்வு பெரிய தொலைநோக்கியிலிருந்து தொடங்கவில்லை. சொற்பச் சம்பளக்காரரான நோயாளித் தந்தை ஒருவர் தன் பிள்ளைகளோடு பேசியதிலிருந்தும், குளிர் இரவொன்றில் மகளை வெளியே அழைத்துச் சென்றதிலிருந்தும் தொடங்கியது. தாய் அஞ்சியது போல அந்தக் கல்வி கரோலினை வீட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோகவும் செய்தது. ஆனால் உறவை அது அறுக்கவில்லை. தொண்ணூற்றேழு வயதிலும் தந்தையின் புத்தகத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டவர், அந்த வீட்டில் ஆகக் குறைவாகப் படிப்பிக்கப்பட்ட மகள்தான்.

இன்றிரவு வானம் தெளிவாக இருந்தால், பெற்றோர்களே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். நட்சத்திரங்களின் பெயர்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கையை உயர்த்திக் காட்டுங்கள்.